மச்சான் துண்டு போட்ட சனிக்கிழமை

1

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் வீட்டில் தங்குவதில்லை. போன ஆண்டும் தங்கவில்லை, இந்த ஆண்டு, அதாவது சித்தார்த்தி ஆவணி பிறந்த இரண்டொரு நாளில், 1979 ஆகஸ்ட் 18 அன்றும் தங்கவில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி, நாங்கள் குடியிருக்கும் இந்த அமெரிக்க நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு பழைய கட்டடத்துக்குப் போய்விட்டோம். செங்கல்பட்டிலிருந்து தவறாமல் கடிதம் எழுதும் நண்பர், அன்றைக்கு அப்படி என்ன விசேஷம் என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுபோனதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அது போன நூற்றாண்டின் கடைசியில் நகர நூலகமாகக் கட்டிய கட்டடம். பளிங்குப் படிகள், சுவரெல்லாம் வண்ணச் சில்லுகள் பதித்த வேலைப்பாடு, உச்சியில் கண்ணாடியால் ஆன குவிமாடம். புத்தகங்களுக்கு இடம் போதாமல் வேறு கட்டடம் தேடியபோது இதை இடித்துவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்ததாம். ஊர்க்காரர்கள் விடவில்லை. இப்போது ஓவியம், பாட்டு, ஆட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் பொது இடம். வாசலில் டிக்கெட் கிடையாது. யார் நீ என்று கேட்பாரும் கிடையாது.

பழைய கட்டடம் என்றால் அதன் தேதியைத் தேடிப் போவது என் வழக்கம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் பெண் பார்க்கப் போன அன்றே போனவன் நான். ஆடுகளை விரட்டிவிட்டுக் கல்லறைக் கற்களின் தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட வந்த பெண்ணின் அண்ணன், “செத்தவன் தேதிய அப்பறம் பாக்கலாம், கல்யாணத் தேதிய மொதல்ல பாருங்க” என்றார். அவர்தான் என் மச்சான் ஏகாம்பரம். இந்தக் கதைக்கு உரியவரும் அவர்தான்.

2

நான் இந்த நகரத்துக்கு 1971 கடைசியில் வரைபடம் போடும் வேலைக்கு வந்தேன். மனைவி கமலாவும் மகள் செல்வியும் 1973 மே மாதம் வந்தார்கள். செல்விக்கு அப்போது ஐந்து வயது. அதுவரை சதுரங்கப்பட்டினத்தில் மாமன் வீட்டில் வளர்ந்தவள். விமானத்திலிருந்து இறங்கியதும், “இன்னாப்பா, இந்த ஊர்ல ஒரு காக்காகூட இல்ல?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளியில் அவளுக்குச் சாலி என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாதத்தில் ஆங்கிலம் வந்தது. இரண்டு ஆண்டில் வீட்டிலும் அதுவே ஆயிற்று. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். பிறகு அந்தப் பதிலும் ஆமாம், இல்லை, ஓகே என்று சுருங்கியது. என்னுடைய ஆங்கிலம் அவளுக்குத் தலைக்குனிவாக இருந்தது. கடையில் நான் ஊர் வழக்கப்படி ‘பிளான்டெயின்’ என்று வாழைப்பழம் கேட்பேன். கடைக்காரர் எதையோ காட்டுவார். “பனானா, டாடி” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.

இதெல்லாம் இங்கே எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். எங்களை உலுக்கியது 1977 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இங்கே வேறொரு நகரத்தில் வசிக்கும், செங்கல்பட்டைச் சேர்ந்த ஒரு தம்பதி பாதி நாள் கார் ஓட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். செல்வி கதவைத் திறந்தாள். அவர்களைப் பார்த்தாள். அப்படியே திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். வாங்க என்ற ஒரு சொல் இல்லை, உட்காருங்கள் என்று ஒரு கை காட்டல் இல்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை.

வந்த பெண்மணி நல்லவர். பரவாயில்லை, இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று சமாதானம் சொன்னார்.

“இவ இங்க பொறக்கலீங்க” என்றாள் கமலா. சொல்லிவிட்டு ரசம் எடுத்து வரும் சாக்கில் அடுப்படிக்குப் போனவள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

வந்தவர்களை வா என்று சொல்லாத பெண் நாளைக்கு யாரைத் தன் மனிதர் என்று நினைப்பாள்? நானும் கமலாவும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். செல்வி ஊருக்குப் போகட்டும். மச்சான் வீட்டில் தங்கிச் செங்கல்பட்டில் படிக்கட்டும். நான்கு ஆண்டு போதும். மச்சானையே வரவழைத்து அவரோடு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தோம்.

குடிநுழைவு அலுவலகத்தில் விசாரித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், எவ்வளவு காலம் என்று கேட்டார். நான்கு ஆண்டு என்றேன். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அவள் இங்கே குடியிருக்கும் உரிமையை இழக்கக்கூடும், திரும்பி வருவது உறுதியில்லை என்றார். மழமழவென்று சவரம் செய்த, மரியாதையான மனிதர். “அவள் பெற்றோர் இருவரும் இங்கேதானே இருக்கிறீர்கள்?” என்று இரண்டு தடவை கேட்டார். என் ஆங்கிலத்தைத்தான் சந்தேகிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

செல்வியிடம் சொன்னோம். அழுவாள், கத்துவாள், மாட்டேன் என்பாள் என்று காத்திருந்தோம். “ஓகே” என்றாள்.

3

மச்சான் ஜூலை நடுவில் வந்து சேர்ந்தார். அவர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சென்னையில் விசா கொடுத்த அதிகாரி, அமெரிக்காவிலேயே தங்கிவிட மாட்டீரே என்று கேட்டாராம். “லீவுக்கு மேல ஒரு நாள் ஆச்சுன்னா மொதலாளி என் பைய வேற ஆள் தோள்ல மாட்டிடுவாரு சார்” என்று இவர் சொன்னாராம். மொழிபெயர்த்தவர் எப்படிச் சொன்னாரோ, முத்திரை விழுந்துவிட்டது.

இங்கே பஸ்ஸில் டிரைவரே காசு வாங்கும் பெட்டியையும் பார்த்துக்கொள்கிறார் என்பதை மச்சானால் பொறுக்க முடியவில்லை. முதல் நாளே எழுந்து நின்று, உள்ளே நகருங்கள் என்று எல்லோருக்கும் கை காட்டத் தொடங்கிவிட்டார். என்ன ஆச்சரியம், நகர்ந்தார்கள். செல்வி முன்பக்கம் போய் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

அந்த ஐந்து வாரமும் அப்படித்தான் கழிந்தது. மச்சான் தோளில் எப்போதும் ஒரு பெரிய துண்டு, சட்டைக்கு மேல். பல்பொருள் கடையில் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு, “மாப்ள, கொத்துமல்லி கீது, ஆனா வாசனையே இல்ல” என்று குரல் கொடுப்பார். செல்வி தெரியாதவள்போல விலகி நடப்பாள். அவர் எதையாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து மாமா என்று வரவில்லை. மச்சான் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கமலாவிடம் மட்டும், “நம்ம வூட்டுக்கு வந்தா சரியாப் பூடும்” என்றாராம்.

ஆகஸ்ட் 23 செவ்வாய்க்கிழமை விமானம். கமலா செல்வியின் பெட்டியை அடுக்குவாள். மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பாள். மடிப்பு சரியில்லை என்பாள்.

4

ஆகஸ்ட் 20 சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை எல்லோரும் வெளியே போவோம் என்றேன். டிக்கெட்டுகளுக்கே சேமிப்பு கரைந்திருந்ததால் இலவசமான இடமாகவும் இருக்க வேண்டியிருந்தது. பழைய நூலகக் கட்டடத்துக்கு அழைத்துப் போனேன்.

டிக்கெட் இல்லை என்றதும் மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சும்மாவா உடுறான்?”

“சும்மாதான் மச்சான்.”

“அப்ப உள்ள ஒண்ணும் இருக்காது.”

உள்ளே போய்ப் பளிங்குப் படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றது. சுவரைத் தடவிப் பார்த்தார். பச்சையும் பொன்னுமாய்ப் பதித்த சில்லுகளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். மேலே குவிமாடத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தார். அதன் கீழே ஒரு கிழவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. மச்சானுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மகாபலிபுரத்தில் மண்டபத்து நிழலில் படுப்பவர்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. “மாப்ள, இது நல்ல கட்டடம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

குவிமாடத்துக்குக் கீழே பகல் கச்சேரி ஒன்று இருந்தது. பியானோவும் வயலினும். நாற்காலிகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் கூட்டம் மெதுவாக உள்ளே நகர்ந்தது. மச்சான் மெதுவாக நகரவில்லை. எங்கே போனார் என்று பார்ப்பதற்குள் இரண்டாம் வரிசையில் நின்று தோள் துண்டை உதறி நான்கு நாற்காலிகளின் மேல் நீளவாக்கில் விரித்துவிட்டார். முனையில் கமலாவின் பையையும் வைத்தார்.

பிறகு கையைத் தட்டிக்கொண்டு, “இனிமே நிம்மதி. வா மாப்ள, தண்ணி குட்ச்சிட்டு வரலாம்” என்றார்.

அங்கே அப்படிச் செய்வது வழக்கமில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. துண்டின் பெருமை ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி மகத்தன்று மகாபலிபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். அதற்குப் பிறகு அந்த இடம் அவருடையது. உள்ளே முதலில் ஏறியவர் போலீஸ்காரராகவே இருந்தாலும், யார் துண்டு என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சீட்டைப் பார்ப்பார். சண்டை வந்தால் தீர்த்துவைப்பவர் கண்டக்டர். மச்சான் இருபது ஆண்டுக்கு மேல் அந்த வழக்குகளைத் தீர்த்தவர். அவருக்குத் துண்டு என்பது, ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு.

தண்ணீர் குடித்துவிட்டு நால்வரும் திரும்பினோம். எங்கள் நாற்காலிகளில் நான்கு முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டைக் காணோம். கமலாவின் பை ஓரமாகத் தரையில் இருந்தது.

5

மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்த ஓர் அம்மாள் வந்து விளக்கினார். யாரோ துண்டை மறந்து விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து மடித்துத் தவறிய பொருள்கள் வாங்கிவைக்கும் மேசையில் கொடுத்துவிட்டாராம். இடம் பிடித்து வைப்பது இங்கே வழக்கமில்லை, வருத்தப்படுகிறேன் என்றார். நானும் வருத்தப்படுகிறேன் என்றேன். மச்சானுக்குச் சொன்னேன்.

அவருக்குக் கோபத்தைவிட அதிகமாக வேறு என்னவோ வந்தது. “மறந்துட்டேனா? துண்ட விரிச்சு வெச்சிருக்கேன். விரிச்சு வெக்கறதுக்கும் மறந்துட்டுப் போறதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுசனுக்கு?” என்று கேட்டார். குரல் குவிமாடம்வரை போய்த் திரும்பி வந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கமலா அவர் கையைப் பிடித்து, “அண்ணாத்த, வுடு, வா” என்று இழுத்தாள்.

செல்வி தூணருகே தள்ளி நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவளாகவே என்னிடம் வந்து, மாமா எதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். துண்டு போட்டால் ஆள் வருகிறார் என்று பொருள், ஊரில் அதை யாரும் தொட மாட்டார்கள் என்றேன்.

“நமக்காகவா பிடித்து வைத்தார்?”

“ஆமாம்.”

“எனக்குமா?”

“நாலு நாற்காலி பிடித்தாரே, நீ எண்ணவில்லையா?” என்றேன்.

அவள் அந்த நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். நான் மச்சானைச் சமாதானப்படுத்தத் திரும்பினேன். கச்சேரி தொடங்கிவிட்டதால் சுவரோரமாக நின்று ஒரு வாசிப்பைக் கேட்டோம். அதன் பிறகுதான் கமலா, “செல்வி எங்க?” என்றாள்.

தூணருகே இல்லை. படியில் இல்லை. படம் மாட்டிய கூடங்களில் இல்லை. மாமனைப் பார்த்து வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாளோ, தெருவில் எந்தப் பக்கம் போனாளோ என்று வாசல்வரை ஓடிப் பார்த்தேன். கமலா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இன்னும் மூன்று நாளில் கடல் தாண்டி அனுப்பப் போகிற பெண்ணை அரை மணி நேரம் காணோம் என்று இப்படிப் பதறுகிறோமே என்று அப்போது இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பிறகுதான் அதைப் பேசிக்கொண்டோம்.

மச்சான்தான், துண்டு இருக்கும் மேசையில் கேட்டுப் பார் என்றார். அங்கே இருந்தவர், ஒரு சிறுமி வந்து துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள் என்றார்.

மாடியில் இன்னொரு கூடம். அடுத்த நிகழ்ச்சிக்காகக் கதவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். வாசலில் கூட்டம். தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில், நட்டநடுவில், செல்வி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைவிடப் பரவியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். இடது காலை ஒரு நாற்காலியில் நீட்டி, வலது கையை இன்னொன்றின் மேல் போட்டு, அதற்கும் அப்பால் கடைசி நாற்காலியில் துண்டை விரித்து வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் பெயர் அட்டை குத்திய அதே அம்மாள் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

செல்வியின் ஆங்கிலம் தெளிவாகக் கேட்டது. இங்கே ஆள் வருகிறார்கள். என் மாமா வருகிறார். எங்கள் ஊரில் துண்டு போட்டால் அது அவர்கள் இடம், போலீஸ்காரர்கூட எடுக்க மாட்டார் என்றாள்.

போலீஸ்காரரைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மச்சான் ஒருநாள் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னது அது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து யோசித்தார். பிறகு பின்வரிசைக்காரர்களிடம், இங்கே ஆள் வருகிறார்கள் என்று தாமே சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி எங்களைப் பார்த்துவிட்டாள். கையை எடுத்தால் இடம் போய்விடும் என்று எடுக்காமல், இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

“மாமா, இங்க வா. எடம் கீது.”

கூடம் முழுக்கக் கேட்டது. தலைகள் திரும்பின. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

6

ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடியது. நன்றாகப் பாடினார்கள். மச்சான் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் செல்வியின் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். குறட்டையும் வந்தது. அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்தி வாகாக வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைப் பிரித்தோம். மச்சான் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

“மாப்ள, நான் ஒண்டியாவே போறேன்.”

எனக்குப் புரியவில்லை. கமலாவுக்குப் புரிந்தது. கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

“இன்னா அண்ணாத்த சொல்ற?”

“வந்தவங்கள வான்னு கூப்ட மாட்டேங்குது, யாரையும் தன் ஆளுன்னு நெனைக்க மாட்டேங்குதுன்னு எழுதினியே. நாம எங்கயோ சுத்திகினு கீறோம். இது நம்ம நாலு பேருக்கும் எடம் போட்டுகினு, எவன் வந்தாலும் எயுந்திருக்க மாட்டேன்னு குந்திகினு கீது. இதுக்கு மேல இன்னாத்த நான் கத்துக் குடுக்கப் போறேன்? பஸ்ல ஏறவா?”

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“பெத்தவ நீ இங்க. பொண்ணு அங்க. நான் தெனமும் அது மூஞ்சியப் பாத்துகினு சோறு துன்னணும். என்னால ஆவாதும்மா.”

செல்வி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் நான் போகவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அவளைக் கேட்டேன்: போக உனக்கு விருப்பமா?

இல்லை என்று தலையாட்டினாள்.

பின்னே ஏன் ஓகே என்று சொன்னாய் என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், சோற்றைக் கிளறிக்கொண்டு, தமிழில் சொன்னாள். இரண்டு ஆண்டில் அவள் பெற்றவர்களான எங்களிடம் முழுதாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

“டிக்கெட் வாங்கிட்டீங்கல்ல.”

தட்டில் சோறு மிச்சம் வைக்காதே, காசு போட்டு வாங்கியது. விளக்கை அணை, காசு. கோட்டு சிறிதானாலும் இந்தக் குளிருக்கும் அதையே போடு, காசு. நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் வேறு எப்படி நினைப்பாள்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் மட்டும் சிரித்தார்.

“அடப் பைத்தியமே, நான் இருவது வருசமா டிக்கெட் கிழிக்கிறேன். வாங்கினவன் எல்லாம் ஏறியே ஆவணும்னு எந்த ஊர்லயும் சட்டம் இல்ல. பாதிப் பேரு வாங்கிகினு, டீ குடிக்கப் போயி, அப்படியே வூட்டுக்குப் பூடுவான். பஸ்ஸு நிக்காது. அவ்ளோதான்.”

செல்வி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு சாப்பிடத் தொடங்கினாள். கமலா அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். வேண்டாம் என்றார். வைத்தாள். வேண்டாம் என்றார். மீண்டும் வைத்தாள். அழுதுகொண்டே வைத்ததால் அவரும் அதற்கு மேல் மறுக்கவில்லை.

7

செவ்வாய்க்கிழமை மச்சான் தனியாகப் புறப்பட்டார். செல்வியின் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. வந்ததும் குறைவுதான். விமான நிறுவனத்து ஜன்னலில் ரத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார்கள். குடும்ப முடிவு என்றேன். இந்த முறை யாரும் என்னிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இதற்குப் பிறகு செல்வி தமிழாகப் பொழிகிறாள் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்றும் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். பதினோரு வயதில் கதவை அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் கதவை அவள் அடைத்துக்கொண்டால் இப்போது கமலா அடுப்படியில் நின்று அழுவதில்லை. சாப்பிட வா என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

மச்சானை விமானம் ஏற்றிய மறுநாள், 1977 ஆகஸ்ட் 24, புதன்கிழமை. அந்தக் கோடை முழுவதும் தூக்கம் பிடிக்காமல் விடியுமுன் எழுந்து ஜன்னலருகே உட்கார்ந்திருந்த கமலா, அன்று வெயில் முகத்தில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. செல்வி தன் அறையை விட்டு எப்போது வந்தாளோ, அம்மாவின் காலடியில் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வெகுநேரம் எழுப்பாமல் நின்றிருந்தேன். பிறகு காபி போட்டு மூடி வைத்தேன். ஆறு ஆண்டில் முதல் முறையாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். மேலாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

“வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்” என்றேன்.